மகரந்தத்தின் நிறத்தைக் கொண்டு குரோமோசோம் எண்ணிக்கையைச் சொல்லலாமா? ரனன்குலஸ் கியூப்ஃபெரி குறித்து ஓர் ஐயம்

பனிக்கரை கேட்டது:

வணக்கம். முதுகலைத் தாவரவியல் ஆய்வேட்டுக்காகக் கடந்த கோடையில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் இரு பகுதிகளில் ரனன்குலஸ் கியூப்ஃபெரி என்னும் வெள்ளைப் பூச்செடியைச் சேகரித்தேன். பனி உருகிய கையோடு, சுற்றிலும் புல் பச்சை பிடிப்பதற்கு முன்பே பூத்துவிடும் சிறு செடி அது. இலைகள் ஒடுங்கி, சற்றே நீலம் பாய்ந்திருக்கும். பூக்களில் இதழ் ஒன்றிரண்டு குறைந்தோ உருக்குலைந்தோ இருப்பதும் அடிக்கடி காணக்கூடியதே. இந்தச் சிற்றினத்தில் இரு வகைச் செடிகள் உள்ளன. தென்மேற்கு மூலையான மாரிட்டைம் ஆல்ப்ஸ் பகுதியில் 16 குரோமோசோம்கள் கொண்ட இருமடியச் செடிகள் (குரோமோசோம் தொகுதி இரண்டு உள்ளவை) வாழ்கின்றன; அவை முறையாகக் கருவுற்று விதை தருபவை. ஆல்ப்ஸின் பிற பகுதிகளில் பரவியிருப்பவை 32 குரோமோசோம்கள் கொண்ட நான்மடியச் செடிகள் (தொகுதி நான்கு உள்ளவை). அவை பெரும்பாலும் முட்டை கருவுறாமலேயே விதையை உண்டாக்குகின்றன.

நான் இரு பகுதிகளிலும் இலைத்துண்டுகளைச் சிலிக்கா ஜெல்லில் இட்டு எடுத்து வந்தேன். வழியில் பைகளுக்குள் ஈரம் ஏறியதால் இலைகள் எல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டன. ஆகவே உட்கருவின் டிஎன்ஏ அளவைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்ய வழியில்லை. எஞ்சியிருப்பவை 70 விழுக்காடு ஆல்கஹாலில் போட்டு வைத்த பூக்கள்தாம். அவற்றின் மகரந்தப்பைகளைப் பிரித்து, அலெக்சாண்டர் சாயம் இட்டு, பூ ஒன்றுக்கு ஐந்நூறு மணிகள் வீதம் எண்ணினேன். மாரிட்டைம் ஆல்ப்ஸ் செடிகளில் ஏறக்குறைய எல்லா மணிகளும் சிவந்து, உருண்டு, ஒரே அளவில் இருந்தன. சுவிட்சர்லாந்தின் வலே பகுதியிலிருந்து கொண்டுவந்த செடிகளில் பாதியளவு மணிகள் பச்சையாகச் சுருங்கிக் கிடந்தன. சிவந்தவையும் சிறிதும் பெரிதுமாகவே இருந்தன. ஆனால் தெற்குச் செடிகளில் ஒன்று வடக்குச் செடிகளைப் போலவும், வடக்குச் செடிகளில் இரண்டு தெற்கைப் போலவும் இருப்பது என்னைக் குழப்புகிறது.

என் கேள்விகள் இரண்டு. மகரந்த உயிர்ப்புத்திறன் குறைந்த செடிகளை நான்மடியம் என்றும், மிகுந்தவற்றை இருமடியம் என்றும் அட்டவணையில் எழுதலாமா? உயிர்ப்புத்திறன் பாதியாகக் குறைந்த செடி விதையும் பாதிதான் தரும் என்று கொள்ளலாமா?

கண்ணாடித்தட்டு பதில்:

முதல் கேள்விக்கு என் பதில், எழுதக்கூடாது என்பதே. காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆல்கஹாலில் மாதக்கணக்கில் ஊறிய பூவின் மகரந்தத்தில் உயிருள்ள மணி ஒன்றுகூட இருக்க முடியாது. அப்படியிருந்தும் தெற்குச் செடிகளின் மணிகள் சிவந்தன. அந்தச் சாயம் உயிரைக் காட்டவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறு வேண்டியதில்லை.

1969இல் வெளியான அந்தச் சாய முறையில் மாலகைட் பச்சை மணியின் சுவரிலுள்ள செல்லுலோசைப் பற்றுகிறது. அமில ஃபுக்சின் உள்ளேயிருக்கும் புரோட்டோபிளாசத்தைச் சிவப்பாக்குகிறது. உள்ளடக்கம் நிறைந்து வளர்ச்சி முற்றிய மணி சிவக்கும். பாதியில் வளர்ச்சி நின்று வெறுங்கூடான மணி பச்சையாகத் தெரியும். ஆகவே நீங்கள் அளந்தது ‘கருகாத மணிகளின் விகிதம்’. அதற்கு உயிர்ப்புத்திறன் என்று பெயரிடுவது பல கட்டுரைகளிலும் நடக்கிறதென்றாலும், ஆய்வேட்டில் நீங்கள் அப்படி எழுதினால் தேர்வாளர் முதலில் கை வைக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். அசிட்டோகார்மைன் சாயத்துக்கும் இதே குறைபாடு உண்டு.

உயிரை அளக்க வேண்டுமானால் புதிய மகரந்தம் தேவை. ஹெஸ்லாப்-ஹாரிசன் இணையர் 1970இல் விளக்கிய ஒளிர்வுச் சோதனையில், ஃப்ளுரெசின் டைஅசிடேட் மணிக்குள் நுழைந்து, அங்குள்ள எஸ்டரேஸ் நொதியால் பிளக்கப்பட்டு, ஒளிரும் ஃப்ளுரெசினாக மாறுகிறது. செல்சவ்வு பழுதில்லாமல் இருந்தால்தான் அந்த ஒளிரும் பொருள் உள்ளேயே தங்கும். நொதி, சவ்வு என இரண்டையும் ஒருசேரச் சோதிப்பதே இதன் சிறப்பு. இதற்கு அடுத்த படி, மணியை முளைக்க வைத்துப் பார்ப்பது. 1963இல் புரூபேக்கரும் குவாக்கும் தந்த ஊடகத்தில் 10 விழுக்காடு சுக்ரோஸ், லிட்டருக்கு 100 மில்லிகிராம் போரிக் அமிலம், 300 மில்லிகிராம் கால்சியம் நைட்ரேட், 200 மில்லிகிராம் மக்னீசியம் சல்ஃபேட், 100 மில்லிகிராம் பொட்டாசியம் நைட்ரேட் ஆகியவை இருக்கும். சர்க்கரையின் அளவை ஒவ்வொரு செடிக்கும் மாற்றிப் பார்த்தாக வேண்டும். முளைக்கவில்லை என்பதற்காக மணி செத்தது என்றும் சொல்லிவிட முடியாது, ஊடகம் ஒத்துவராமல் இருந்திருக்கலாம்.

மணியின் அளவைப் பற்றியும் ஒரு சொல். குரோமோசோம் தொகுதி இரட்டித்து மணியின் கன அளவும் இரட்டித்தால், விட்டம் ஏறத்தாழ 26 விழுக்காடுதான் கூடும். ஒரே செடியில் மணிக்கு மணி காணும் வேறுபாடும், சாயத்திலுள்ள கிளிசராலிலும் ஆல்கஹாலிலும் மணி உப்புவதும் சுருங்குவதும் சேர்ந்து அந்த இடைவெளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தெரிந்த மடியமுள்ள செடிகளை ஒரே முறையில் பதப்படுத்தி ஒப்பிட்டால் மட்டுமே அளவு பேசும்.

இன்னொன்று: ஒரு பூவில் ஐந்நூறு மணி எண்ணியதால் உங்களிடம் ஐந்நூறு தரவுகள் இல்லை, ஒரு தரவுதான் இருக்கிறது. எண்ணிக்கையில் செடிகளைக் கூட்டுங்கள், மணிகளை அல்ல.

வேர்நுனி பதில்:

மேலே சொன்னது சாயத்தைப் பற்றியது. சாயம் சரியாகவே இருந்தாலும், மணி கருகுவதற்கும் குரோமோசோம் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பு ஒருவழிப் பாதை அன்று என்பதை நான் சேர்க்க விரும்புகிறேன்.

கியூப்ஃபெரியின் நான்மடியச் செடிகள் தன்பன்மடியங்கள். அதாவது ஒரே சிற்றினத்தின் குரோமோசோம் தொகுதி நான்கு முறை இருக்கிறது. குன்றல் பகுப்பில் (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பகுப்பில்) ஒத்த குரோமோசோம்கள் இரண்டிரண்டாக இணைய வேண்டிய இடத்தில் நான்கு ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பிரியும்போது மூன்று ஒருபுறமும் ஒன்று மறுபுறமும் போகலாம். சில நடுவிலேயே பின்தங்கி நுண் உட்கருவாகிவிடலாம். சமனில்லாத தொகுதி பெற்ற நுண்வித்து (மகரந்த மணியாக வளர வேண்டிய செல்) வளர்ச்சி நின்று கருகும். உங்கள் வலே செடிகளின் பச்சை மணிகளுக்கு இது இயல்பான விளக்கம்தான், மறுக்கவில்லை.

ஆனால் பன்மடியம் என்றாலே மகரந்தம் கெடும் என்று நினைத்தால், ஐரோப்பாவின் பிரிமுலா குடும்பம் அந்த எண்ணத்தை உடைத்துவிடும். ஆல்ப்ஸில் ஈரப் புல்வெளிகளில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் பிரிமுலா ஃபரினோசா 18 குரோமோசோம்கள் கொண்டது. அதன் உறவினமான பிரிமுலா ஹாலெரிக்கு 36, ஸ்காட்லாந்தின் வடகோடியில் மட்டும் வாழும் பிரிமுலா ஸ்கோட்டிகாவுக்கு 54, நார்வே, சுவீடன் நாடுகளின் பிரிமுலா ஸ்காண்டினாவிக்காவுக்கு 72, இன்னும் வடக்கே வாழும் பிரிமுலா ஸ்ட்ரிக்டாவுக்கு 126. இருமடியமான ஃபரினோசாவில் நீண்ட சூலகத்தண்டுள்ள பூ, குட்டைச் சூலகத்தண்டுள்ள பூ என இருவகைச் செடிகள் உண்டு; ஒன்றின் மகரந்தம் மற்றதற்குப் போனால்தான் நல்ல விதை. பன்மடியங்களிலோ மகரந்தப்பையும் சூலகமுடியும் ஒரே உயரத்தில் அமைந்து, தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கிறது. அந்த விதை முழுவதும் அதே செடியின் மகரந்தத்தை நம்பித்தான் உண்டாகிறது என்றால், 54 குரோமோசோம் உள்ள செடியின் மகரந்தத்தைக் கெட்டது என்று எப்படிச் சொல்வது?

எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது; எனக்கு அதுவே அதிகம் பிடித்தது. டிராபா இனத்தின் மூன்று ஆர்க்டிக் சிற்றினங்களில் (ஃபிளாட்னிசென்சிஸ், நிவாலிஸ், சப்கேப்பிட்டாட்டா) செய்து 2006இல் வெளியிட்ட கலப்பு ஆய்வில், எல்லாமே 16 குரோமோசோம் கொண்ட இருமடியங்கள். ஒரே சிற்றினத்துக்குள், பார்வைக்கு வேறுபாடே இல்லாத செடிகளை ஒன்றோடொன்று கலந்தபோதும், பிறந்த முதல் தலைமுறைச் செடிகளில் பெரும்பாலானவை மலடாயின. எண்ணிக்கையில் ஒரு குரோமோசோம்கூட மாறவில்லை. வளம் மட்டும் போய்விட்டது.

மூன்றாவதாக இமயமலை நீலக் கசகசா என்று சொல்லத்தக்க மெக்கனாப்சிஸ் அக்குலியாட்டா. மேற்கு இமயத்தின் உயர்ந்த சரிவுகளில் வாழும் இதில் 56 குரோமோசோம்கள். பட்டியாலாவிலுள்ள பஞ்சாபி பல்கலைக்கழகத்தார் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்தடுத்துள்ள மகரந்தத் தாய் செல்களுக்கிடையே குரோமாட்டின் நகர்ந்து செல்வதை விவரித்தார்கள். ஒரு செல்லில் குரோமோசோம் குறைய, பக்கத்துச் செல்லில் கூட, முடிவில் மகரந்த மலட்டுத்தன்மையும் பல அளவிலான மணிகளும் உண்டாகின்றன. செடியின் மடியம் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் தெற்குச் செடி இப்படிப்பட்டதாகவும் இருக்கலாம். மொட்டில் குன்றல் பகுப்பு நடந்த இரவில் உறைபனி பெய்ததாகவும் இருக்கலாம். குளிரில் குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்கோல் இழைகள் ஒழுங்கு குலைந்து, நான்குக்குப் பதிலாக இரண்டோ மூன்றோ நுண்வித்துகள் உண்டாவது அறியப்பட்ட செய்திதான். பனிவிளிம்பில் பூக்கும் செடிக்கு அப்படிப்பட்ட இரவுகள் அரிதல்ல.

ஓய்வுபெற்ற ஆசிரியன் பதில்:

அன்புள்ள மாணவிக்கு. முன்னிருவரும் சொன்னவற்றில் பிழையில்லை. ஆனால் படித்து முடிக்கும்போது, மகரந்தம் எண்ணுவதே வீண் வேலை என்ற எண்ணம் உங்களுக்கு வந்துவிடக்கூடாது என்பதால் எழுதுகிறேன். தனிச்செடியின் மடியத்தைத் தீர்மானிக்க அது பயன்படாது. ஆனால் செடிக்கூட்டத்துக்குக் கூட்டம் ஆண் பக்கக் குன்றல் பகுப்பு எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதைக் காட்ட, இவ்வளவு மலிவான, ஆல்கஹாலில் கிடந்த பூவிலும் செய்யக்கூடிய வேறு சோதனை இல்லை. நான்மடியக் கூட்டங்களில் மகரந்தத் தரம் தாழ்ந்திருக்கிறது என்பது உங்கள் தரவில் உண்மையாகவே தெரிகிறதென்றால், அதை அதன் சரியான பெயரில் எழுதுங்கள். தலைப்பை மாற்றுங்கள், அட்டவணையைத் தூக்கி எறியாதீர்கள்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுவே முக்கியமானதாகப் படுகிறது.

கருவுறாமல் விதை தரும் செடிகளில் மகரந்தத்தின் வேலை எல்லாவற்றிலும் ஒன்றல்ல. ஆல்க்கெமில்லா, ஹையராசியம் என்னும் செடியினங்களில் கரு மட்டுமல்ல, அதற்கு உணவூட்டும் கருவூண் திசுவும் மகரந்தமின்றியே உண்டாகிறது. அச்செடிகளின் மகரந்தம் முழுவதும் கருகிப்போனாலும் விதைக்கு ஒரு குறையும் வராது. ஸ்காண்டினேவிய மலைகளின் ஆண்டென்னேரியா அல்பைனாவில் ஆண் செடியைக் காண்பதே அரிது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூல் என்னும் சுவீடன் நாட்டுத் தாவரவியலார் அதன் கருவியலை ஆராய்ந்தபோதுதான் அதற்கான காரணம் விளங்கிற்று.

உங்கள் ரனன்குலஸ் அப்படியல்ல. அதில் குன்றாத (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகாத) முட்டை தானே கருவாக வளர்கிறது; ஆனால் சூலுக்குள் முட்டையோடு இருக்கும் துருவ உட்கருக்களோடு ஓர் ஆண் கேமீட் (ஆண் பாலணு) இணைந்தால்தான் கருவூண் திசு உருவாகும். ஆகவே மகரந்தம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதுதான் கேள்வி. ரனன்குலஸின் ஒவ்வொரு சூலக இலையிலும் இருப்பது ஒரே ஒரு சூல். ஒரு பூவில் எத்தனை சூலக இலைகளோ, அத்தனை மகரந்தக் குழாய்கள் வெற்றிகரமாக இறங்கினால் போதும். மகரந்தப்பைகள் தரும் மணிகளோ அதைவிடப் பன்மடங்கு. பாதி கருகினாலும் மீதிப் பாதி தாராளம். மேலும் நான்மடியச் செடிகள் தங்கள் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்பவை. பூச்சி வராத குளிர்நாளிலும் வேலை நடக்கும். பனியாறுகள் பின்வாங்கிய பிறகு நான்மடியங்கள் ஆல்ப்ஸின் பெரும்பகுதியில் குடியேறியதற்கும், இருமடியங்கள் தென்மேற்குப் புகலிடத்தைவிட்டு அதிகம் நகராததற்கும் இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஒற்றைச் செடி ஒரு புதிய சரிவில் முளைத்தாலே அங்கு ஒரு கூட்டம் தொடங்கிவிடலாம் அல்லவா?

எனவே பச்சை மணி பாதி என்றால் விதையும் பாதி என்ற கணக்கு இங்கே செல்லாது. விதைகள் கருகுவதற்குக் கருவூண் திசுவின் வளர்ச்சி தடைப்படுவது உட்பட வேறு காரணங்கள் உண்டு. விதையை விதையாகவே எண்ணுங்கள்.

பனிக்கரை பதில்:

மூவருக்கும் நன்றி. ஆல்கஹாலில் இறந்த மணி சிவந்தது பற்றிய வரியைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தும் தோன்றவில்லை. ஐயா சொன்னபடி தலைப்பை மாற்றுகிறேன். விதையை எண்ணச் சொன்னீர்கள். சில செடிகளின் முற்றிய கனிகளைக் காகித உறைகளில் தனித்தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அவை உலர்ந்து நல்ல நிலையில் உள்ளன. அவற்றை முளைக்க வைத்து வேர்நுனியில் குரோமோசோம் எண்ணலாமா?

நிறமூர்த்தம் பதில்:

தங்கைக்கு வணக்கம். (எங்கள் இலங்கைப் பாடநூல்களில் குரோமோசோமை நிறமூர்த்தம் என்றே படித்தோம், புனைபெயருக்குக் காரணம் அதுதான். இங்கே உங்கள் வழக்கையே பின்பற்றுகிறேன்.) கனிகளை வைத்துக்கொண்டா இவ்வளவு நேரம் இலை போயிற்றென்று கவலைப்பட்டீர்கள்? முளைக்க வைக்க வேண்டாம். மலைச்செடி விதைக்கு நீண்ட குளிரூட்டல் தேவைப்படலாம்; முளைக்கும் விதைகள் மட்டுமே கணக்கில் வரும். உலர்ந்த விதையையே நேரடியாக ஃப்ளோ சைட்டோமெட்ரியில் இடலாம். 2000ஆம் ஆண்டில் மாட்ஸ்க் குழுவினர் வெளியிட்ட இந்த விதைச் சோதனை முறை இலை தருவதைவிடக் கூடுதலான செய்தியைத் தரும்.

கணக்கு எளிது. ஒரு விதையை நசுக்கினால், அளவீட்டு வரைபடத்தில் கருவின் உட்கருக்கள் ஒரு முகட்டையும் கருவூண் திசுவின் உட்கருக்கள் இன்னொரு முகட்டையும் தரும். இருமடியச் செடி முறையாகக் கருவுற்றால் கரு இரண்டு தொகுதி, கருவூண் மூன்று; விகிதம் 1:1.5. நான்மடியச் செடி முறையாகக் கருவுற்றால் நான்கும் ஆறும். விகிதம் அதே 1:1.5. ஆகவே விகிதத்தை மட்டும் பார்த்து மடியத்தைச் சொல்லாதீர்கள். டிஎன்ஏ அளவு தெரிந்த ஒரு செடியை உள்நியமமாக (ஒப்பிடும் அளவுகோலாக) சேர்த்து, கரு முகட்டின் இடத்தைப் பார்க்க வேண்டும். நான்மடியச் செடியில் கரு கருவுறாமல் உண்டானால் கருவில் நான்கு தொகுதிகள்; கருவூணில் குன்றாத இரு துருவ உட்கருக்களின் எட்டோடு ஆண் கேமீட்டின் இரண்டு சேர்ந்து பத்து. விகிதம் 1:2.5. இரு ஆண் கேமீட்களும் துருவ உட்கருக்களோடு சேர்ந்துவிட்டால் பன்னிரண்டு, விகிதம் 1:3. மகரந்தம் சற்றும் தேவைப்படாமல் உண்டானால் 1:2 வரும்.

இதில் உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான விடை ஒன்றும் இருக்கிறது. இருமடியச் செடியிலிருந்து நான்மடியம் எப்படித் தோன்றியது என்பதைக் கியூப்ஃபெரியில் இதே விதைச் சோதனையால் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். இருமடியச் செடிகளின் சில விதைகளில், குன்றாத முட்டையோடு இயல்பான ஆண் கேமீட் இணைந்து மும்மடியக் கரு உண்டாயிருப்பதைக் கண்டார்கள். அந்த விதையில் கரு மூன்று, கருவூண் ஐந்து. இப்படிப் பிறக்கும் மும்மடியம் நான்மடியத்துக்குப் பாலமாக அமைகிறது. அதாவது, குரோமோசோம் பெருகும் முதல் படி பெண் பக்கத்தில், சூலுக்குள் நடக்கிறது. மகரந்தத்தை எத்தனை ஆயிரம் எண்ணினாலும் நுண்ணோக்கியில் அது தெரியப்போவதில்லை. மணிகளில் பெரியவற்றைத் தேடி, குன்றாத மகரந்தம்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று எழுதிய ஆய்வேடுகள் சிலவற்றை நான் படித்திருக்கிறேன், அவற்றைப் பின்பற்றாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. ஃப்ளோ சைட்டோமெட்ரி அளப்பது டிஎன்ஏயின் அளவை, குரோமோசோமை எண்ணுவதில்லை. 32க்குப் பதில் 31 அல்லது 33 இருந்தால் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். சரியான எண் வேண்டுமானால் இளம் மொட்டையோ வேர்நுனியையோ எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 3:1 வீதத்தில் கலந்த நிலைநிறுத்தியில் உடனே இட வேண்டும். வெறும் 70 விழுக்காடு ஆல்கஹாலில் போட்ட பூ அதற்கு உதவாது. அது நிலைநிறுத்திய பிறகு சேமித்து வைப்பதற்கு மட்டுமே.

கனிகளில் உள்ளீடற்ற பதர்களை ஒதுக்கி, எத்தனை ஒதுக்கினீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விதையையும் தனியே நசுக்குங்கள். பலவற்றைச் சேர்த்து நசுக்கினால் எந்த முகடு எந்த விதையுடையது என்று பிரிக்க முடியாது. உங்களைக் குழப்பிய அந்த மூன்று செடிகளின் உறைகளிலிருந்து தொடங்குங்கள்.

பனிக்கரை பதில்:

இப்போதுதான் உறைகளைப் பிரித்துப் பார்த்தேன். வலேயின் இரண்டு செடிகளிலும் நல்ல கனிகள் போதுமான அளவு உள்ளன. தெற்கின் அந்த ஒற்றைச் செடியின் உறையில் இருப்பவை அத்தனையும் பதர்.

வேர்நுனி பதில்:

அப்படியென்றால் அந்தச் செடி மும்மடியமாக இருக்கும் என்று சொல்ல என் கையும் துடிக்கிறது. ஆனால் துணைக்கு மலட்டு மகரந்தத்தையும் பதரையும் மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வது, நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்வதற்குச் சமம். இருமடியச் செடிகளுக்குப் பிற செடியின் மகரந்தம் வேண்டும். தனித்து நின்ற ஒரு செடிக்குப் பூச்சி வராமற்போனாலும் உறை பதராகத்தான் இருக்கும். அது பல்லாண்டுச் செடி. சேகரித்த இடத்தின் புவிக்குறிப்பு உங்களிடம் இருந்தால், அடுத்த பூக்கும் பருவத்தில் அங்கே போய் ஓர் இலையும் இரண்டு மொட்டும் எடுங்கள். இம்முறை சிலிக்கா ஜெல்லை இரட்டைப் பையில் போடுங்கள்.